பழனிசெட்டிபட்டியில் மூன்றடிக் கடல்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கடல் இருந்துச்சாம். நீளம் மூன்றடி, அகலம் ஒன்றரை அடி, ஆழம் ஒன்றரை அடி, நாலு பக்கமும் கண்ணாடி. அந்தக் கடலுக்கு ராசா இல்லை, மந்திரி இல்லை. காவலுக்கு மட்டும் ஒரு ஆள். அந்த ஆள் நான்தான். வண்ணமீன் கடை வேலையில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வாங்க வருகிறவர்களைவிட, பஸ் வரும் வரைக்கும் நின்று பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம்.

துணிக்கடையிலோ செருப்புக் கடையிலோ பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்குகிறோம், ராத்திரி இறக்குகிறோம், நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது. அப்பாவும் அம்மாவும் மேகமலைத் தேயிலை எஸ்டேட்டில் இருந்தார்கள். எனக்குக் கடைக்குப் பின்னால் ஒரு அறை. எங்கள் தாத்தா கதை சொல்லும்போது யாராவது ‘உம்’ கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். கடையில் என் கதைகள் எல்லாம் அப்படித்தான் பாதியில் நின்றன. போதாததற்கு எனக்குக் குரலும் சின்னது. எதைச் சொன்னாலும் எதிரே நிற்பவர் ஒரு தடவை ‘என்னது?’ என்று கேட்டே தீருவார்.

மூன்று வீடு

முதலாளி பாண்டியண்ணன் கொச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். தங்கிய ஓட்டலில் பவளத் தொட்டி ஒன்றைப் பார்த்து மயங்கி, உப்பு, பம்பு, நீல டியூப்லைட் எல்லாவற்றோடும் திரும்பி வந்தார். ஆறு மாதத்தில் மயக்கம் தெளிந்துவிட்டது. ஊரே வந்து பார்த்தது. ‘பவளம்னா மோதிரத்துல வச்சுக் கட்டுறதுதானப்பா, அதுக்கா உசுரு இருக்கு?’ என்று கேட்டது. வீட்டுக்கு வாங்கிப் போக மட்டும் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. தை மாதம் ஒரு நாள் அண்ணன் கையில் டேப்போடு தொட்டி முன்னால் நின்று இடத்தை அளந்தார்.

“இந்த எடத்துல மூணு தட்டு அடிச்சா கப்பி மீனே அறுபது சோடி நிக்கும்லே.”

“கொஞ்சம் டைம் குடுங்கண்ணே.”

“என்னது?”

“டைம்ணே.”

“சத்தமாத்தான் பேசேன், மீனு ஒண்ணும் முழிச்சுக்கிராது.”

அந்தத் தொட்டி போனால் எனக்கு என்ன போகும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காலையில் நீல விளக்கைப் போட்டதும், சுருண்டு கிடந்தது எல்லாம் ஒவ்வொன்றாக விரியும். நான் வந்தேன் என்று விரியவில்லை, வெளிச்சம் வந்தது என்றுதான் விரிகிறது. தெரியும். இருந்தாலும் அந்த ஊரில் நான் உள்ளே வந்ததும் முகம் மலர்ந்தது அதுகள் மட்டும்தான். நான் தலையைக் குனிந்து நின்றதைப் பார்த்து அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, டேப்பைச் சுருட்டிக்கொண்டு சொன்னார்: “ஒரு வீட்ல பொழச்சா அது அதிர்ஷ்டம். ரெண்டு வீட்ல பொழச்சா அவிங்க நம்ம சொந்தக்காரய்ங்க. மூணு வீட்ல பொழச்சாத்தாம்லே அது யாவாரம். சித்திரையில வீரபாண்டித் தேரு வரைக்கும் பாப்பேன், மூணு வீடு தேறலைன்னா தொட்டியக் கவுத்துருவேன்.”

வெள்ளைப் பவளம்

முதலில் வந்தது வைகை அணைப் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா. துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பவளம், மான்கொம்பு மாதிரி கிளை விட்டது. கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போனபோது புருசன் வாங்கிக் கொடுத்ததாம். ஷோகேஸில் பதினெட்டு வருசமாக இருக்கிறது. “இதத் தண்ணியில விட்டா தளிர்க்குமா தம்பி?” என்று கேட்டார்.

நான் மெதுவாகச் சொன்னேன். கல் மாதிரி கெட்டியாக வளரும் இந்த ஜாதியை இப்போது கடலில் எடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது, சட்டம் இருக்கிறது. நாங்கள் வைத்திருப்பது வெளிநாட்டிலிருந்து வரும் மெத்தென்ற ஜாதி. உங்கள் கையில் இருப்பது பவளத்தின் எலும்பு, உள்ளே இருந்த உசுரு கடலை விட்டு எடுத்த அன்றைக்கே போய்விட்டது. ‘என்னது?’ என்று கேட்பார், இன்னொரு தடவை அதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. முதல் தடவையே காதில் விழுந்துவிட்டது. துண்டை மறுபடியும் ஒவ்வொரு மடிப்பாகச் சுற்றினார். “அப்ப இத்தன நாளும் எலும்பத்தான் தொடச்சுத் தொடச்சு வச்சேனா? சரி, இருக்கட்டும். வாங்கிக் குடுத்த அவுகளும்தான் இல்ல.”

சாகாதது எது?

நீங்கள் எந்தக் கடையில் நின்றாலும் உங்களுக்கென்று ஒரு கேள்வி இருக்கும். எங்களுக்கு, ‘இதுல எது சாகாது?’ கேட்டவர்களுக்கெல்லாம் நான் விரல் விட்டுச் சொன்னேன். முதல் விரல் மஷ்ரூம்: தட்டையான காளான் மாதிரி பாறையில் ஒட்டிக் கிடக்கும், வெளிச்சம் குறைந்தாலும் கோபித்துக்கொள்ளாது. இரண்டாவது பட்டன்: சட்டைப் பொத்தான் அளவில் கூட்டம் கூட்டமாகப் பூக்கும், விஷம் உண்டு, கையில் காயம் இருந்தால் தொடாதீர்கள். மூன்றாவது லெதர்: தோல்குடை மாதிரி நிற்கும், மேலெல்லாம் குட்டி விரல்கள். நாலாவதாக ஒன்று உண்டு, சீனியா. கையை விரித்து விரித்து மூடும், பார்க்க அழகு. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. இன்றைக்கு இருக்கும், நாளைக்குக் கரைந்து போயிருக்கும். கடைத் தொட்டியில் மட்டும் ஒரு கொத்து வைத்திருந்தேன், எனக்காக.

லெதரை வாங்கியது சின்னமனூர் திராட்சைத் தோட்டக்காரர் தங்கவேல் அண்ணன். மகளைக் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டில் ஈஸ்வரி அக்கா சோறாக்குவதும் இல்லை, பேசுவதும் இல்லை. ‘பாக்குறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும் தம்பி’ என்று கேட்டார். இரண்டடித் தொட்டி வைத்து, உப்புக் கரைத்து, மூன்று வாரம் தண்ணீர் பதமான பிறகு லெதரைக் கொண்டுபோய் வைத்தேன். அண்ணன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். திராட்சைக்காரர் அல்லவா, இலைக்கு அடியில் பூச்சி தேடுவதுபோலக் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒட்டுமொத்தமாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதுக்கு மருந்து எத்தன நாளைக்கு ஒருக்கா அடிக்கணும்?”

உப்பும் மிளகாயும்

அடுத்த மாதமே ஈஸ்வரி அக்காவிடமிருந்து போன். “தம்பி, ஒங்க குடை செத்துருச்சு.” பஸ் பிடித்து ஓடினேன். லெதர் விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசியதுபோலப் பளபளவென்று சாய்ந்து கிடந்தது. எனக்கு உயிர் வந்தது. அது சாகவில்லை, பாம்பு சட்டை உரிப்பதுபோல மேல்தோலை உரிக்கிறது. ஒரு வாரம் அப்படித்தான் கிடக்கும். சொல்ல வாயைத் திறக்கும்போது பார்த்தேன், தொட்டியின் அடி மணலில் கல்லுப்பு நாலைந்து பரல் கரையாமல் மினுங்கியது.

“அக்கா, தொட்டிக்குள்ள என்ன போட்டீக?”

“கண்ணு பட்டுருச்சுல்ல? மேல வீட்டுக்காரி வந்து வச்ச கண்ணு வாங்காமப் பாத்துட்டுப் போனா. உப்பும் மிளகாயும் எடுத்து மூணு தரம் சுத்துனேன். சுத்துன உப்பத் தண்ணியிலதான கரைக்கணும்?”

“அதுக்கு இந்தத் தண்ணியிலயா கரைச்சீக?”

“உப்புத் தண்ணிதான கேக்குதுன்னு நீதான சொன்ன!”

நல்ல வேளை, ஒரு பிடிதான். உப்பு அளக்கும் கருவியை விட்டுப் பார்த்தேன், முள் லேசாக ஏறியிருந்தது. ஒரு வாளித் தண்ணீரை மாற்றினேன். “மிளகாய என்னக்கா பண்ணீக?” என்று மெதுவாகக் கேட்டேன். அடுப்பில் போட்டாராம். போட்டும் நெடியே வரவில்லையாம், அத்தனை கண்ணாம். தோல் உரிக்கும் சங்கதியை நான் பாதிக்கு மேல் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் தோல் கழன்று, லெதர் முன்பைவிடப் பெரிதாக விரிந்தது. போனில் அக்கா சத்தம் கடைக்கு வெளியே கேட்டிருக்கும். மகள் போன பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். “சட்டை உரிக்குது, மட்டை உரிக்குதுன்ன கதைய நீயே வச்சுக்க தம்பி. நெடி வரலைல்ல? எனக்கு அப்பவே தெரியும்.”

பாயின் துடுப்பு

இரண்டாவது வீடு உத்தமபாளையத்தில். ராவுத்தர் ஒருவர், நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஜித்தாவில் ஒரு ஓட்டலில் இருபது வருசம் சமையல். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடற்கரைக்குப் போய், தண்ணீருக்குள் பவளம் தெரியும் இடத்தில் கால் நனைத்து உட்கார்ந்திருப்பாராம். இப்போது பிள்ளைகள் இருவரும் அங்கே, சம்சாரம் தவறிப்போய் இவர் மட்டும் இங்கே. தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றவர், மஷ்ரூமைக் காட்டி, “இது எங்கனயும் போயிராதுல்ல தம்பி?” என்று கேட்டார். “போகாது பாய், ஒட்டுன எடத்துலயே கிடக்கும்” என்று சொல்லிக் கொடுத்தேன்.

அப்போது தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். பம்பு நின்றால் தண்ணீர் அசையாது, தண்ணீர் அசையாவிட்டால் உள்ளே மூச்சு முட்டும். ‘லேசாக் கலக்கி விடுங்க’ என்று நான் சொன்னதை பாய் சமையல்காரர் முறையில் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் போய்ப் பார்த்தால், அண்டாவில் பிரியாணி கிண்டும் ஆள் உயரத் துடுப்பைக் கழுவி வைத்துக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, ஓரத்தில் இருந்து நடுவுக்கு, ஓரத்தில் இருந்து நடுவுக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார். மணல் கலங்கவில்லை, ஒரு காளான்கூட அசையவில்லை. அப்படி ஒரு கை. “சோறு உடையாமக் கிண்டுனவன் தம்பி நான்” என்றார்.

அந்தக் கையையும் மீறி ஒன்று தவறியது. மூன்று வாரம் கழித்து போன் செய்தார், குரல் இறங்கி இருந்தது: “ஒண்ணக் காணோம்.” போய்த் தேடினேன். பாறையின் இந்தப் பக்கம் இருந்த மஷ்ரூம், அடி நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கத்துக்குப் போய், பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இந்த ஜாதி சில சமயம் அப்படிச் செய்யும், நான்தான் சொல்ல மறந்துவிட்டேன். பாய் குனிந்து, கண்ணாடிக்குப் பின்னால் போய், அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என் வீட்ல மட்டும் எல்லாத்துக்கும் காலு முளைச்சுருது தம்பி.”

கண்டக்டர் தீர்ப்பு

நடுவில் ஒரு தடவை சரக்கு எடுக்கக் குமுளிக்குப் போனேன். எங்களுக்குப் பவளம் அனுப்பும் கொச்சிக்காரர் தெர்மக்கோல் பெட்டியை கேரளா பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார். ‘சூக்ஷிச்சு கொண்டு போ மோனே’, பத்திரமாகக் கொண்டு போ மகனே, என்று அந்த டிரைவர் கொடுத்துவிட்டுப் போனார். நம் பக்கத்து பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் பெட்டியைத் தட்டினார். உள்ளே என்ன என்றார். பவளம் என்றேன். ‘என்னது?’ என்றார். மூடியைத் திறந்து காட்டினேன். பாலித்தீன் பைத் தண்ணீரில் பட்டன்கள் சுருங்கிக் கிடந்தன. அவர் ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பின்சீட்டுக்காரர்களும் எழுந்து பார்த்தார்கள். செடியா, பிராணியா என்று பஸ்ஸில் பாதி ஒரு கட்சி, பாதி ஒரு கட்சி. கூடலூர் வரைக்கும் வழக்கு நடந்தது. கடைசியில் கண்டக்டர் பையை என் மடியில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்: “உசுரு இருந்தா சீட்டுல வை, இல்லைன்னா மேல ஏத்து, ரெண்டுங்கெட்டானா இருந்தா மடியிலயே வச்சுக்க.”

கரண்ட் நிறுத்துகிறவர்

அந்தப் பட்டன்களை வாங்கியவர் மூன்றாவது வீடு. ஜெபராஜ் சார், கரண்ட் ஆபீஸில் இன்ஜினியர், ஊர் தூத்துக்குடி. மனைவியும் மகளும் அங்கே, இவர் பழனிசெட்டிபட்டியில் எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் தனியாக. கடல் பக்கத்து ஆள் என்பதால் சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை. ‘பட்டனில் விஷம் இருக்கு, கையில காயத்தோட தொடாதீங்க சார்’ என்று மட்டும் சொன்னேன். மறுநாள் போனால், கம்பத்தில் ஏறும் ஆட்கள் போடும் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு, சுண்டுவிரல் அளவுப் பாறையை எடுத்து வைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

கரண்ட் எப்போது போகும் என்று ஊரில் முதலில் தெரிவது அவருக்குத்தான். ‘தம்பி, இன்னைக்குப் பத்துல இருந்து பன்னெண்டு’ என்று கடைக்கு போன் செய்வார். நான் உடனே சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் சொல்வேன். அக்கா டம்ளரால் மோந்து ஊற்றத் தயாராவார், பாய் துடுப்பைக் கழுவுவார். ஒருவரை ஒருவர் பார்க்காத மூன்று வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் என் போன் ஒரு நாளைக்கு நாலு தடவை அடித்தது. அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒன்று, அதுவும் ராங் நம்பர். ஒரு சாயங்காலம் சாரும் நானும் பட்டன்கள் விரிவதைப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். கீழே தெருவில் யாரோ கரண்ட் ஆபீஸ்காரர்களைப் பரம்பரையோடு திட்டிக்கொண்டு போனார்கள். சார் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: “எல்லார் வீட்டுக்கும் நிறுத்துறேன், இதுகளுக்கும் நான்தான் நிறுத்துறேன். இதுக மட்டும்தான் தம்பி என்னை ஏசலை.”

சித்திரைக் காற்று

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மழை கொஞ்சம்தான். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. வேப்பமரங்கள் கம்பிமேல் விழுந்தன, கரண்ட் போய்விட்டது. ஜெபராஜ் சார் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். “தம்பி, இது ரெண்டு மணி நேரத்துல வராது. நாளைக்குத்தான். நான் லைன் வேலையில நிக்கேன், வீட்டுச் சாவி கீழ்வீட்டம்மாகிட்ட இருக்கு.” கடையில் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டே இரண்டு. கரண்ட் போனால் கடைத் தொட்டிக்குப் போடுவது. பாய்க்கு போன் செய்தேன். “நான் துடுப்போட நிக்கிறேன், நீ மத்த வீட்டப் பாரு” என்றார். ஒரு பம்பை சார் வீட்டில் வைத்தேன். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைத் தொட்டி முன்னால் நின்றேன். பாண்டியண்ணன் எண்ணப்போவது வீடுகளைத்தான், கடையை அல்ல. சின்னமனூர் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம், அதுவரைக்கும் கடைத் தொட்டி தாங்கும் என்று நினைத்து பஸ் ஏறினேன்.

சின்னமனூரில் இறங்கி நடந்தால் வழியெல்லாம் திராட்சைப் பந்தல்கள் மண்ணோடு கிடந்தன. கல்தூண் சாய்ந்து, கம்பி அறுந்து, அறுப்புக்கு நின்ற குலைகள் சேற்றில். அதில் தங்கவேல் அண்ணன் பந்தலும் ஒன்று. நடுவில் அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த பம்பைப் பார்த்தார். இவர் இந்த நிலையில் நிற்கும்போது இரண்டடித் தொட்டிக்குக் காற்று அடிக்க வந்திருக்கிறேனே என்று பம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். பந்தலை ஒட்டிய வீட்டு வாசலில் நின்ற ஈஸ்வரி அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. “வா தம்பி, வந்து மாட்டு. இந்த வீட்ல இன்னைக்கு ஒண்ணாச்சும் நிமிந்து நிக்கட்டும்.”

பால்

பம்பை மாட்டிவிட்டு ஓடி வந்தால் பஸ் இல்லை. ரோட்டில் மரம் விழுந்து இந்தப் பக்கத்து வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கமுமாக நின்றுவிட்டன. போனில் டவரும் இல்லை. நடக்கிறேன் என்றேன், தங்கவேல் அண்ணன் விடவில்லை. அவர்கள் வீட்டிலேயே படுத்து, காலை முதல் வண்டியில் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன். தூக்கும்போதே வாடை வந்துவிட்டது.

தொட்டித் தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. பவளங்களோடு விட்டிருந்த, ஆரஞ்சில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு மீனும் மேலே மிதந்தன. சீனியா இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, கரைந்துதான் தண்ணீர் அப்படி ஆகியிருந்தது. பெரிய லெதர் அடியோடு அழுகி விழுந்திருந்தது. கரண்ட் பதினோரு மணிக்கு வந்தது. நீல விளக்கு தானாக எரிந்தது, விரிய ஒன்றும் இல்லை. வாளி வாளியாக மோந்து ஊற்றியதில் பாறையில் மஷ்ரூம் மட்டும் ஏழெட்டு, காய்ந்த மிளகு மாதிரி சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத்தான் நான் எல்லாருக்கும் முதல் விரலாகச் சாகாது என்று சொல்லியிருந்தேன், அந்த ஒரு விஷயத்தில் நான் பொய் சொல்லவில்லை. எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த பக்கத்துப் பரோட்டாக் கடைக்காரர் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். “ஏம்ப்பா, ஊர்ல எல்லார் வீட்டுக்கும் ஓடுனியே, இங்கன கடையத் தொறந்து தண்ணிய மோந்து ஊத்துன்னு என்கிட்ட ஒரு சாவி குடுத்துருக்கக் கூடாதா?”

அவர் கேட்டது நியாயம்தான். உதவி கேட்க ஆள் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எண்ணிக்கை

தேர் நாள் வந்தது. ரோடு முழுக்கத் தீச்சட்டி எடுத்து வீரபாண்டிக்கு நடந்தார்கள், மேளச் சத்தத்தில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. பாண்டியண்ணன் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரே மூன்று வீட்டுக்கும் போன் செய்தார். ஈஸ்வரி அக்கா குடை ஒரு சாண் விரிந்திருக்கிறது என்றார். பாய் எட்டு மஷ்ரூம் இப்போது பதினொன்று என்றார், ராத்திரி முழுக்கக் கலக்கியதில் தோள் இறங்கிப்போனதையும் சேர்த்துச் சொன்னார். ஜெபராஜ் சார் எல்லாப் பட்டனும் பூத்திருக்கின்றன என்றார். அண்ணன் விரலை மடக்கினார், ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு எழுந்து தொட்டிக்கு முன்னால் போய், குனிந்து, மிளகு மிளகாக ஒட்டிக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் குரலும் என் குரல் அளவுக்கு இறங்கிவிட்டது. “சொன்ன சொல்லு சொன்னதுதான், தொட்டி இருக்கட்டும். ஆனா ஏலே, ஊரு பூரா வளத்துக் குடுத்துட்டு இங்கன நீ என்னத்தப் பாத்துக்கிட்டு உக்காரப் போற?”

ஊருக்குப் போகிறவர்

வைகாசியில் ஜெபராஜ் சாருக்கு மாற்றல் வந்தது. தூத்துக்குடிக்கே. கடைக்கு வந்தார், கையில் மூடி போட்ட தூக்குவாளி. உள்ளே பட்டன் பாறை.

“கொண்டு போங்க சார். ஆறு மணி நேரம் தாங்கும், நான் கட்டித் தாரேன்.”

“என்னது?”

“கட்டித் தாரேன் சார், கொண்டு போங்க.”

“மக போன்ல சிரிக்கா தம்பி. வீட்டு வாசல்ல இருந்து பாத்தா கடல் தெரியும், இத எங்க வைப்பீங்கங்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.” வாளியைத் தரையில் வைத்தார். “ஒம்ம தொட்டிதான் காலியாக் கிடக்கே.”

பாறையைத் தொட்டியில் வைத்தேன். பட்டன்கள் எல்லாம் இறுக மூடியிருந்தன. இடம் மாறினால் விரிய அரை மணி நேரம் ஆகும், சில சமயம் ஒரு நாளே ஆகிவிடும். இரண்டு பேரும் நின்று பார்த்தோம். பேசிக்கொள்ள எவ்வளவோ இருந்தது. இனிமேல் பத்திலிருந்து பன்னிரண்டு என்று எனக்கு யார் சொல்வார்கள் என்று கேட்க நினைத்தேன். அப்படிக் கேட்டால் கரண்டைப் பற்றிக் கேட்பதுபோல இருக்கும் என்று விட்டுவிட்டேன். மேல்பக்கத்து பட்டன் ஒன்று ஓரம் லேசாக விரிவதுபோல இருந்தது, இரண்டு பேரும் குனிந்தோம். அது மறுபடி மூடிக்கொண்டது. வெளியே சாமான் ஏற்றிய வண்டி ஹாரன் அடித்தது. சார் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, படியிறங்கி, பாதித் தெருவில் திரும்பி நின்றார். “விரிஞ்சதும் ஒரு போன் போடும், என்ன? கொஞ்சம் சத்தமாச் சொல்லும், அங்கன கடல் இரைச்சல்ல கேக்காது.”

வண்டியில் ஏறிப் போய்விட்டார். லேசில் வைத்துக்கொள்ளக்கூடிய பவளம் எது என்று யாராவது கேட்டால் இப்போதும் விரல் விட்டுச் சொல்வேன், லேசில் வைத்துக்கொள்ளக்கூடிய வாடிக்கையாளர் யார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.